வலைக்கு இந்தப் பக்கம்

மெரபேங்க் ஹாலின் சன்னல்களை
ஆணி அடித்து மூடியிருந்தோம்.
கடற்காற்று நுழைந்தால் இறகுப்பந்து கோணும்.
ஆனாலும் எண்ணெய் ஆலையின் நாற்றம்
சீட்டு வாங்காமல் உள்ளே வந்து
முதல் வரிசையில் உட்கார்ந்துகொள்ளும்.

ஞாயிறு அங்கே கல்யாணம்.
திங்கள் இரவு பெருக்கிக் கழுவி
எங்கள் கோடுகளைத் தேடிக் கண்டுபிடிப்போம்.
என்ன பெருக்கினாலும் நாலு மஞ்சள் அரிசி
பின்கோட்டருகே கிடக்கும்.
வழுக்குவது நான்.
சவுந்தலை வழுக்கி நான் பார்த்ததில்லை.

பகலெல்லாம் ஜேக்கப்ஸில் சட்டைக் காலர் தைப்பாள்,
நாளுக்கு இருநூற்று நாற்பது.
அந்த மணிக்கட்டு மிஷினில் பழகியது என்பார்கள்.
பொய்.
அதே வரிசையில் நூறு பேர் தைத்தோம்.
ஒருத்திக்குத்தான் பந்து அப்படி விழுந்தது:
வலையின் விளிம்பில் ஒரு கணம் யோசித்து
என் பக்கம் வந்து செத்துப்போகும்.

புதுப்பந்துக்குக் காசில்லை.
சோறு கொதிக்கும் பானையின் ஆவியில்
வளைந்த இறகுகளை நிமிர்த்துவோம்.
அவள் ஓங்கி அடித்தால்
கஞ்சி வாசனை என் முகத்தில் அறையும்.

நேட்டால் இறுதியாட்டம், ஏழு வருடம்.
ஏழு முறையும்
வலைக்கு இந்தப் பக்கம் நான்.
பதினொன்று நான்கு. பதினொன்று ஆறு.
ஒரே ஒருமுறை, அறுபத்தொன்பதில்,
பத்துக்குப் பத்து வரை இழுத்துப்போனேன்.
அவள் குனிந்து
ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.
அவ்வளவுதான். முடிந்தது.
அந்தக் கயிறு முன்பே இறுக்கமாக இருந்தது.
நான் பார்த்தேன்.

எழுபத்து நாலில் கடிதம் வந்தது.
ஜோஹன்னஸ்பர்க்கில் வெள்ளையர் சங்கத்தின் போட்டி.
இந்த ஒரு வாரத்துக்கு மட்டும் உங்களுக்கும் அனுமதி.
வாசித்தாள், எட்டாக மடித்தாள்,
ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தாள்.
‘எட்டாம் நாள் நான் யாராம்?’
வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த கடிதம்
இரண்டாம் இடத்துக்கு வந்தது.

நான் போனேன்.

இந்த இரண்டு சொல்லை எழுத
நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.
வெள்ளைப் பாவாடையை இஸ்திரி போட்டு மடித்து
நமக்கென்று ஒதுக்கிய பெட்டியில் ராத்திரி முழுக்க ரயில்.
பளபளக்கும் மரத்தரை. ஓர் அரிசிமணி இல்லை.
ஒவ்வோர் ஆட்டத்துக்கும் புதுப்பந்து;
எதிலும் கஞ்சி வாசனை இல்லை.
முதல் சுற்றிலேயே தோற்றேன்.
கைதட்டினார்கள், நன்றாகவே தட்டினார்கள்.
தேநீர் வந்தது, தனிக் கோப்பையில்.

திரும்பியபோது கிளப் என் பெயரை அடித்திருந்தது.
மீன்காரர் மீதிச் சில்லறையைக் கையில் தராமல்
தட்டில் வைத்தார்.
எட்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய் இரவு
சவுந்தலை வாசலில் நின்றாள்,
கையில் ஹால் சாவி.
எதுவும் கேட்கவில்லை.
பதினொன்று பூஜ்யம். பதினொன்று பூஜ்யம்.
ஒரு புள்ளிகூட இரக்கத்துக்கு விடவில்லை.
வீடு வரும்வரை அழுதேன், சந்தோஷமாக.

எல்லாம் மாறிய பிறகு
கம்ப்யூட்டர் தூக்கிக்கொண்டு ஒரு பையன் வந்தான்.
விட்டுப்போன சாம்பியன்களின் பட்டியல் போடுகிறார்களாம்.
ஜேக்கப்ஸ் தொழிற்சாலை மூடிக் கிடந்தது,
அவளுக்கு முட்டி இரண்டும் போயிருந்தது.
ஒரு கோப்பையில் திருநீறு,
மற்றதிலெல்லாம் துணிக்கவ்வி.
‘ஜெயிச்சிருப்பேன் தம்பி, யாருக்கு ஞாபகம்’
என்று கொல்லைப்புறம் போய்விட்டாள்.

ஜெயித்தவளுக்கு எதற்குக் கணக்கு.
நான் சொன்னேன், வருடம் வருடமாக.
‘ஆதாரம் இருக்கா ஆன்ட்டி?’
‘தோற்றது நான்தான்’ என்றேன்.
எழுதிக்கொண்டான்.
அறுபத்தொன்பது வந்தது.
யார் பார்க்கப் போகிறார்கள்,
‘பன்னிரண்டு, பதினொன்று’ என்றேன்.

கொடியில் ஒரு கவ்வி
டக் என்று கடித்தது.
கொல்லையிலிருந்து குரல்:
‘பத்து.’